அசையாமல் நின்ற எண்

காரிமங்கலம் பக்கத்தில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் கருவிப் பிரிவில் வேலை பார்த்தேன். சூட்டையும் அழுத்தத்தையும் வாயுக் கசிவையும் அளந்து சொல்கிற சென்சார்கள்தான் எங்கள் கருவிகள். அவை சரியாக அளக்கின்றனவா, அளந்தது கண்ட்ரோல் ரூமுக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம், இப்போது அந்தப் பிரிவைக் கவனிக்கிற சத்யா போனில் கூப்பிட்டாள்.

"சார், புதுசா வந்தவங்க தினமும் எதுக்குங்க டெஸ்ட் பண்ணணும், அதான் எல்லாம் போன்லயே வருதேன்னு கேக்கறாங்க. நான் சொன்னா வாய்ப்பேச்சாப் போவுது. அந்த அமோனியா விஷயத்தை நீங்க எழுதிக் குடுங்க, படிக்கட்டும்."

"எனக்கு என்னம்மா எழுத வரும்?"

"லாக் புக் எழுதற மாதிரி எழுதுங்க சார். என்ன நடந்துச்சோ அத மட்டும்."

அதனால் எழுதுகிறேன்.

இன்றைக்கு இந்த வேலை இல்லாத தொழிலே இல்லை. காரிமங்கலத்தில் என் சம்பந்தி சந்தையில் நின்றுகொண்டே போனில் தோட்டத்து மோட்டாரைப் போடுகிறார். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் அது தானாக நின்று அவருக்குச் சேதியும் அனுப்புகிறது. பால் சேகரிக்கிற ஊர்களில் குளிர்தொட்டியின் நிலவரம் சங்கத்துச் செயலாளரின் கைக்கு வருகிறது. சித்தேரி மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில், தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சின்னப் பொட்டி இருக்கிறது. கரண்ட் போய்க் குளிர் குறைந்தால் கீழே இருக்கிற பொறுப்பாளருக்கு உடனே தெரிந்துவிடும். ஓய்வுக்குப் பிறகு இந்த மூன்று இடத்துக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பூட்டிக் கொடுத்தேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. மூன்று இடத்திலும் நான் கேட்ட முதல் கேள்வி ஒன்றேதான்: "சிக்னல் போயிட்டா உங்க போன் என்னங்க காட்டும்?"

அந்தக் கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

தர்மபுரி ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம், ஓசூரில் ஒரு கம்பெனியில் பத்து வருஷம் என்று ஓடியது. பிறகு கூழ் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அதியமான்கோட்டையில் எங்கள் வூட்டிலிருந்து ஒரே பஸ். சேர்ந்துவிட்டேன்.

அப்போதெல்லாம் எல்லாமே நோட்டுதான். காய்களைப் பழுக்க வைக்கிற அறைகளின் சூட்டை மணிக்கு ஒருதரம் போய்ப் பார்த்து எழுத வேண்டும். நோட்டைப் புரட்டினால் காலையிலிருந்து மாலைவரை எல்லா மணிக்கும் இருபது, இருபது, இருபது என்றே இருக்கும். ஆனால் மூன்றாம் அறைப் பழம் மட்டும் ஒரு பக்கம் மஞ்சளாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் வரும். மண் சரியில்லை, மரம் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். முதல்முதலாக அந்த அறையில் ஒரு சென்சார் பூட்டி ஒயர் இழுத்தேன். சூடு ஏறி இறங்குவதைத் தாளில் வரைந்து காட்டிய கோட்டை ஒரு வாரம் பார்த்தோம். தினமும் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் சூடு மேலே எகிறி இறங்கியது. போய்ப் பார்த்தால், மூட்டை இறக்குகிறவர்கள் டீ நேரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வரும் குளிர்ச்சிக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருக்கிறார்கள்!

"உளவு பாக்குற பொட்டிய மாட்டிட்டாருய்யா" என்று பத்து நாள் என்னோடு பேசவில்லை. டீ குடிக்க நிழலில் ஒரு இடமும் ஒரு ஃபேனும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் சமாதானமானார்கள். மூன்றாம் அறைப் பழம் அதற்குப் பிறகு ஒரே நிறமாக வந்தது. ஒரு தொழிற்சாலைக்கு நம்மால் கண் வைக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

பல வருஷம் கழித்து ரெஜினா மேடம் பராமரிப்பு மேலாளராக வந்தார். பாலக்கோடு பக்கத்துக் கிராமத்துக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. பேனாவால் இடது உள்ளங்கையில் எண்களை எழுதிக்கொண்டே தொழிற்சாலையைச் சுற்றுவார். அறைக்குப் போய் ரிஜிஸ்டரில் ஏற்றிய பிறகுதான் கையைக் கழுவுவார். "எல்லாம் சரியா இருக்குங்க மேடம்" என்று சொன்னால் அவருக்குப் போதாது.

"பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்பார்.

முதல் தடவை அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இத்தனை வருஷ சர்வீஸ் உள்ள ஆளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு நான் சொன்னது, கம்ப்ரசர் ஆப்பரேட்டர் பெருமாள் எனக்குச் சொன்னதைத்தான். "கேட்டேங்க" என்றேன். "சரி, பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். அதில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

எங்கள் குளிர் அறைகள் அமோனியாவில் ஓடுகிறவை. மூடிய குழாய்க்குள் இருக்கும்வரை அது நல்ல வேலைக்காரன். வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிடும். வாடைதான் வருமே, மூக்கே போதாதா என்று கேட்பார்கள். அமோனியாவை அழுத்தி ஓட்டுகிற கம்ப்ரசர் அறையில் எந்நேரமும் லேசாக ஒரு வாடை இருக்கும். கொஞ்ச நாளில் மூக்கு பழகிப்போய்ச் சொல்வதை நிறுத்திவிடும். அதனால்தான் சுவரில் சென்சார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பழம் வெட்டுகிற கூடம். சீசனில் அங்கே அறுபது பெண்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள். நடுச்சுவரின் உயரத்தில் காற்றுப்போக ஜன்னல்கள், வெளியே போக ஒரே வாசல்.

சென்சாரைச் சோதிக்கிற முறையை மேடம்தான் மாற்றினார். காலை எட்டு மணிக்கு, அளந்து கலந்த அமோனியா உள்ள சின்ன சிலிண்டரை எடுத்துப் போவேன். அதன் குழாய் முனையில் இருக்கிற கப்பைச் சென்சாரின் வாயில் பொருத்தித் திருக வேண்டும். சென்சாரின் முகத்தில் எண் மெதுவாக ஏறும். பத்து, இருபத்திரண்டு, நாற்பது, ஐம்பது. சிலிண்டரில் கலந்திருக்கிற அளவான ஐம்பதில் நின்றால் சென்சார் நன்றாக இருக்கிறது. முன்பெல்லாம் இதோடு மூட்டை கட்டிவிடுவோம். மேடம் இன்னொன்றைச் சேர்த்தார். கண்ட்ரோல் ரூமில் இருக்கிறவர் தன் திரையில் தெரிகிற எண்ணை வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். நான் என் எண்ணை முதலில் சொல்லக் கூடாது.

"நீங்க சொல்லிட்டீங்கன்னா அவங்க அதையே திருப்பிச் சொல்லிடுவாங்க. மனுச மனசு அப்படித்தான்" என்றார்.

பிறகு பெரிய மாற்றம் வந்தது. அதுவரை ஒவ்வொரு சென்சாருக்கும் தனி ஒயர். அபாயச் சங்கும் அந்த ஒயரிலேயே நேரடியாக ஊதும். புது ஏற்பாட்டில் எல்லாச் சென்சாரும் ஒரு பொட்டிக்குள் போய், அதிலிருந்து ஒரே ஒரு கண்ணாடி இழைக் கேபிள் கண்ட்ரோல் ரூமுக்குப் போனது. அங்கே கம்ப்யூட்டர்தான் எண்களைப் பார்த்துச் சங்கை ஊதச் சொல்லும். திரையில் தொழிற்சாலை முழுவதும் படமாகத் தெரிந்தது. பெருமாளின் அறையிலும் ஒரு திரை, பொது மேலாளரான ஜி.எம். போனிலும் அதே படம்.

"பழைய ஒயர் ஒரு சீசனுக்குக் கூடவே ஓடட்டும் சார்" என்று மேடம் கேட்டார்.

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். "ரெண்டு எதுக்கு? என்ன சின்னசாமி, புதுசு நல்லாத்தானே ஓடுது?"

"நல்லா ஓடுதுங்க சார்" என்றேன்.

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பழைய ஒயரை என் கையாலேயே கழற்றினேன். என் உத்தியோகத்தில் நான் வெட்கப்படுகிற வார்த்தை அந்த ஒன்றுதான்.

இரண்டு மாதம் போயிற்று. சீசன் உச்சத்தில் இருந்தது. எடைமேடையிலிருந்து நெடுஞ்சாலைவரை லாரிகள் நின்றன. காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் கம்ப்ரசர் அறைக்குப் போய்க் கப்பைப் பொருத்தினேன். எண் ஏறி ஐம்பதில் நின்றது.

"சொல்லும்மா" என்றேன் வாக்கி டாக்கியில். கண்ட்ரோல் ரூமில் அன்று சத்யா. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"ஜீரோங்க சார்."

"நல்லாப் பாரு."

"ஜீரோதாங்க சார். அசையவே இல்ல."

எண் ஏறியதும் ஒருதரம் ஊத வேண்டிய சங்கும் ஊதவில்லை. கப்பை எடுத்துத் திரும்பவும் பொருத்தினேன். இங்கே ஐம்பது, அங்கே ஜீரோ. சென்சார் கத்திக்கொண்டிருக்கிறது, அதன் குரல் ஊர் போய்ச் சேரவில்லை என்று புரிந்தது. மேடத்தைக் கூப்பிட்டேன். கண்ட்ரோல் ரூமுக்கு ஓடியவர் அங்கிருந்தே பேசினார்.

"சின்னசாமிண்ணா, அமோனியா மட்டும் இல்ல, இங்க எந்தக் கோடுமே அசையல. குளிர் அறைச் சூடு ஸ்கேல் வெச்சுக் கிழிச்ச மாதிரி நிக்குது. அஞ்சே முக்காலிலிருந்து இப்படித்தான் இருக்கு."

குளிர் அறைக் கதவு ஒருதரம் திறந்தாலே அந்தக் கோடு நெளியும். இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அசையாமல் நின்றது என்றால் அது கோடே அல்ல. கேபிள் எங்கேயோ போய்விட்டது. கம்ப்யூட்டர் கடைசியாகக் கேட்ட எண்ணையே பிடித்துவைத்துக்கொண்டு, எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"அங்க நேர்ல பிரஷர் கேஜ் என்ன காட்டுது? பாத்துச் சொல்லுங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல்கடைதான் கீழே இருந்தது. பெருமாளும் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஐயோ, ஸ்கிரீன்ல நார்மலா இருந்துச்சுங்களே!" என்று ஓடிவந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இனி கேஜைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, திரையிலேயே தெரியும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

முள் இருந்த இடத்தை மேடத்திடம் சொன்னேன்.

"முதல்ல கூடத்துல இருக்கிறவங்க எல்லாரும் வெளிய போகட்டும். மத்தது அப்புறம்."

அதே சமயம் அவர் கையிலிருந்த போனில் ஜி.எம். பேசியது வாக்கி டாக்கி வழியாக எனக்கும் கேட்டது. "ஒரு கேபிளுக்காக லைனை நிறுத்தறீங்களா? கசிவே இல்லையே? இத்தனை லோடு பழுத்து நிக்குது மேடம்!"

"கசிவு இல்லன்னு நமக்குத் தெரியாதுங்க சார். இருந்தாலும் இப்ப தெரியாது. ஆளுங்கள வெளிய எடுத்துட்டு உங்க கிட்டப் பேசறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கூடத்தில் வெட்டுகிற பெண்களுக்குத் தலைவி பச்சியம்மா. மேடம் கண்ட்ரோல் ரூமிலிருந்து வந்து கூடத்து வாசலில் நின்று, "பச்சியம்மாக்கா, எல்லாரையும் கூட்டிட்டு வடக்கால லாரி ஷெட்டுக்குப் போங்க. கத்தி கூடை எல்லாம் இருக்கட்டும்" என்றார். காற்று அன்று வடக்கிலிருந்து வந்தது. வாயு கசிந்தாலும் ஷெட் பக்கம் போகாது. அதையும் பார்த்துத்தான் சொன்னார்.

"என்னாங்க மேடம், இப்பத்தான உக்காந்தோம்? வெயில்ல எங்கங்க போறது?"

"போங்கக்கா. காரணம் அப்புறம் சொல்றேன்."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். நானும் பெருமாளும் முகம் முழுக்க மூடுகிற முகமூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டோம். அவர் கம்ப்ரசரின் சுமையைப் படிப்படியாகக் குறைக்க ஆரம்பித்தார். மொட்டை மாடியில் வாயுவைக் குளிர்விக்கிற பெரிய ஃபேனை நான் ஏறிப் பார்த்தேன். மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது, பெல்ட் அறுந்து கீழே கிடந்தது. வாயு ஆறாமல் அழுத்தம் ஏறியது அதனால்தான். ஃபேன் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய திரைதான் செத்துப்போயிருந்ததே.

இறங்கிக் கதவருகே வந்தபோது படீரென்று ஒரு சத்தம். அழுத்தம் மிஞ்சினால் எந்திரத்தைத் தானாக நிறுத்துகிற ஸ்விட்ச் ஒன்று உண்டு. முள் அந்த அளவுக்குப் போகவில்லை. குழாய் இணைப்பு ஒன்றில் கசியாமல் அடைத்திருந்த பழைய பேக்கிங் அதற்கு முன்பே விட்டுவிட்டது. வெள்ளைப் புகையாக அமோனியா சீறியது. கையில் வைத்திருந்த, வாயு அளக்கிற சின்ன மீட்டர் அலறியது. முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே இருந்த சிவப்புப் பொத்தானை அடித்தேன். எந்திரங்கள் நின்றன, பெருமாளும் முகமூடியோடு வெளியே வந்தார். ஆனால் தொட்டியிலிருந்து திரவம் வருகிற வால்வை மூடினால்தான் சீறுவது நிற்கும். அது உள்ளே இருந்தது. பெருமாள் முன்னால் போக, நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொள்ள, சுவரைத் தடவியபடி போனோம். ஒரு அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அவருக்கு அந்த அறை மனப்பாடம். வால்வின் சக்கரத்தைக் கண்டுபிடித்து இருவருமாகத் திருகினோம். எத்தனை சுற்று என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது. முகமூடியை மீறிக் கழுத்து வேர்வையில் எரிந்தது. சீறல் மெலிந்து, பிறகு நின்றது.

வெளியே வந்து தண்ணீர்க் குழாய்க்குக் கீழே நின்றோம். இருமல் அடங்க வெகு நேரமானது. வெளியே புகை கலைந்தபின் மேடம் என்னைக் கூடத்தின் கண்ணாடிக் கதவருகே கூட்டிப்போனார். ஜன்னல் வழியாக இறங்கிய வெண்புகை உள்ளே முழங்கால் உயரத்துக்கு இன்னும் நின்றது. அறுபது முக்காலிகளும் அதில் பாதி மூழ்கி நின்றன. பாதி வெட்டிய பழங்கள், கத்திகள், ஒரு மூலையில் யாருடையதோ ஒரு சாப்பாட்டுப் பை. மேடம் உள்ளங்கையில் எதையோ எழுதப் போனார். எழுதாமலே பேனாவை மூடிவிட்டார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெருமாளுக்கு மட்டும் இரண்டு நாள் கண் சிவந்திருந்தது.

எடைமேடைக்குப் பக்கத்தில், லாரிச் சக்கரம் ஏறி, அது போகிற பள்ளத்தின் மூடியோடு நசுங்கிப்போன கேபிளை மத்தியானம் கண்டுபிடித்தோம். ஜி.எம். வந்து நசுங்கிய இடத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு, "மேடம் கேட்ட பழைய ஒயரைத் திரும்பப் போடுங்க" என்று மட்டும் சொன்னார். நான் மேடத்திடம் போய், "அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க மேடம்" என்றேன்.

"இன்னிக்கு நீங்க ஐம்பதைச் சொல்லாம, 'சொல்லும்மா'ன்னு கேட்டீங்களே, அதனாலதான் தெரிஞ்சுது" என்றார்.

பத்தே நாளில் எல்லாவற்றையும் மாற்றினோம். சங்குக்கு நேரடி ஒயர். கேபிள் இரண்டு வழியில், ஒன்று போனால் மற்றது. அதுவும் போனால் சிம் கார்டு. மென்பொருள்காரர்களை வரவழைத்து நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "சேதி வரலன்னா பழைய எண்ணைக் காட்டாதீங்க. தெரியாதுன்னா தெரியலன்னு காட்டட்டும்." அவர்கள் முதலில் தயங்கினார்கள், திரை பார்க்க அசிங்கமாக இருக்குமாம். மேடம் அவர்களைக் கூடத்துக்குக் கூட்டிப்போய் அந்த முக்காலிகளைக் காட்டிவிட்டு வந்தார். அதன்பின் தயக்கம் இல்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பச்சியம்மா என்னைத் தேடி வந்தார்.

"ஏங்க சின்னசாமி, நீங்க பொட்டி மாட்டறீங்க, ஒயர் இழுக்கறீங்க. எல்லாம் உங்க ரூம்புலதான் தெரியுது. மூச்சு எங்களுது. எங்க கண்ணுக்கும் தெரிய வேணாமுங்களா?"

அதை அப்படியே மேடத்திடம் சொன்னேன். "கரெக்ட்டாத்தானே கேக்கறாங்க" என்றார். கூடத்து வாசலுக்கு மேலே ஒரு பச்சை விளக்கு பூட்டினோம். சென்சார் நலமாக இருந்து, சேதியும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் மட்டுமே அது எரியும். கசிவு என்றாலும் அணையும், சென்சார் பழுதானாலும் அணையும், கேபிள் அறுந்தாலும் அணையும். அணைந்தால் யாரையும் கேட்காமல் எழுந்து வெளியே போகலாம் என்று மேடம் எழுத்திலேயே போட்டுக் கொடுத்தார். பச்சியம்மா அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

அடுத்த சீசனில் ஒரு நாள், கூழ் வேகமாக ஓடிக்கொண்டிருந்த மத்தியான வேளையில் விளக்கு அணைந்தது. நான் கண்ட்ரோல் ரூமிலிருந்து ஓடி வருவதற்குள் கூடம் காலி. அறுபது பேரும் லாரி ஷெட்டில் நின்றார்கள். சங்கு ஊதவில்லை, யாரும் விரட்டவில்லை. தாங்களே எழுந்து வந்திருக்கிறார்கள்.

கசிவு எதுவும் இல்லை. கனெக்டர் ஒன்று தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு, கப்பைப் பொருத்திச் சோதித்து, இரண்டு முனையிலும் எண் பொருந்துகிறதா என்று பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஜி.எம். வந்துவிட்டார். லைன் முழுவதும் நின்றிருந்தது.

"ஒண்ணுமே இல்லாததுக்கு அரை மணி நேரம் போச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க சின்னசாமி. இது தேவையா?"

முன்பு அவர் இதேபோல என்னைக் கேட்டபோது என் வாயிலிருந்து என்ன வந்தது என்பது எனக்கு நினைவிருந்தது.

"தேவைங்க சார்" என்றேன். "இவங்க உக்காந்திருந்தாத்தான் நான் பயந்திருப்பேன்."

மேடம் பக்கத்தில் நின்றிருந்தார். ஜி.எம். தலையை ஆட்டிவிட்டு எடைமேடைப் பக்கம் நடந்தார்.

வாசலுக்கு மேலே விளக்கு பச்சையாக எரிந்தது. உள்ளே போகலாம் என்று சொல்ல நான் ஷெட்டைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். அதற்குள் பச்சியம்மா நடக்க ஆரம்பித்திருந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவராக வாசலில் ஒரு நொடி நின்று, தலையை நிமிர்த்தி விளக்கைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். என் முகத்தைப் பார்த்து, போகலாமா என்று யாரும் கேட்கவில்லை.